பென்மாரிக்: அத்தியாயத் தலையில் இருக்கும் மேற்கோளைப் படிக்காதீர்கள்

பழைய மாளிகை, சொத்துத் தகராறு, மூன்று தலைமுறைப் பகை என்று போகும் கோதிக் குடும்ப நாவல்களில் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் எது என்று கேட்பவர்களிடம் ஆங்கில நாவலாசிரியர் சூசன் ஹோவாட்சின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 'பென்மாரிக்' (1971), 'காஷெல்மாரா' (1974), 'தி வீல் ஆஃப் ஃபார்ச்சூன்' (1984) மூன்றுமே திரும்பத் திரும்பப் படிக்கத் தாங்குபவை. ஆனால் பென்மாரிக்கில் ஒரு தொல்லை உண்டு. எத்தனை முறை படித்தாலும் அது கண்ணை உறுத்துகிறது.

அத்தியாயங்களின் தலையில் இங்கிலாந்து மன்னர்களைப் பற்றிய வரலாற்று நூல்களிலிருந்து எடுத்த மேற்கோள்கள் வரும். நாவல் நடப்பது 1890 முதல் இரண்டாம் உலகப் போர்க் காலம் வரையிலான கார்ன்வாலில், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில். கதையின் எலும்புக்கூடு மட்டும் 12ஆம் நூற்றாண்டு அரச குடும்பத்தினுடையது. நாயகன் மார்க் கஸ்டலாக்தான் இரண்டாம் ஹென்றி, அவன் மனைவி ஜானா ராணி எலினார், மகன் பிலிப் சிங்கநெஞ்சன் ரிச்சர்ட், கடைக்குட்டி ஜான்-ஈவ் மன்னர் ஜான். இன்ன இளவரசன் இப்படி இறந்தான் என்று ஒரு மேற்கோள் சொல்லிவிட்டால், அடுத்த முப்பது பக்கத்தில் யார் சாகப்போகிறார் என்பது தெரிந்துபோகிறது. இவ்வளவு கவனமாகக் கட்டிய கதையின் முடிச்சை ஆசிரியரே வாசலில் அவிழ்த்துவைப்பதை ஏற்க முடியவில்லை. முதல் வாசிப்பில் ஒரு அட்டைத் துண்டால் மேற்கோளை மறைத்துவிட்டு நேரே முதல் வரிக்குப் போங்கள்.

இரண்டாம் வாசிப்பில் அதே மேற்கோள்கள்தான் விருந்து என்பதையும் சொல்ல வேண்டும். 1152இல் மணமுடித்தபோது ஹென்றிக்கு 19 வயது, எலினாருக்கு ஏறக்குறைய 30. நாவலில் மார்க் இருபது வயதில் ஜானாவைப் பார்க்கிறான். அவள் மூத்தவள், ஒரு விவசாயியின் விதவை. 1173இல் மகன்கள் தாயின் பக்கம் நின்று தந்தையை எதிர்த்த கிளர்ச்சி, இங்கே பிரிந்து வாழும் பெற்றோருக்கு நடுவில் பிள்ளைகள் பிளவுபடுவதாக மாறுகிறது. 1189இல் ஹென்றி இறக்கும்போது உடன் இருந்த மகன் முறையற்ற வழியில் பிறந்த ஜெஃப்ரி. அவன் இடத்தில் நாவலில் ஏட்ரியன். இந்தப் பொருத்தங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பது தனிச் சுகம். கதை முடிந்த பிறகுதான் அது சுகம்.

உண்மையான பலம் கதைசொல்லிகள் மாறுவதில் இருக்கிறது. மார்க், ஜானா, ஏட்ரியன், பிலிப், ஜான்-ஈவ் என ஐந்து பேர். மார்க் சொல்லும்போது அவன் பக்கம் நியாயம் இருக்கிறது: பத்து வயதில் பார்த்த பென்மாரிக் மாளிகையும் இருபது வயதில் பார்த்த பெண்ணும் தனக்கே வேண்டும் என்கிறான், நாமும் அவனோடு சேர்ந்து ஆசைப்படுகிறோம். ஜானா பேசத் தொடங்கியதும் அந்த ஆசைக்கு அவள் கொடுத்த விலை தெரிகிறது. வேறொருத்திக்குப் பிறந்த வில்லியத்தையும் ஏட்ரியனையும் மார்க் வீட்டுக்குக் கொண்டுவரும் இடத்தில் அவனை மன்னிக்க மனம் வராது. உடனே ஏட்ரியன் பேசுகிறான். அவனுக்கு மார்க் அன்பான அப்பா. யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்ததைச் சொல்கிறார்கள், தெரியாததை வாசகர் இட்டு நிரப்ப வேண்டியிருக்கிறது. பேய் ஒன்றுகூட இல்லாமல் மாளிகையை அச்சுறுத்தும் இடமாக்குவது இந்த இடைவெளிகள்தான்.

இங்கேதான் பலர் புத்தகத்தைக் கைவிடுகிறார்கள். புதிய கதைசொல்லி வந்ததும் முதல் இருபது முப்பது பக்கம் வேகம் விழும். குழந்தைப் பருவம், பழைய மனத்தாங்கல், தெரிந்த சம்பவத்தின் மறுபக்கம் என்று கதை பின்னால் போகும். ஒரு பகுதி முடிந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தால் மறுநாள் எடுக்கத் தோன்றாது. அடுத்த பகுதியின் முதல் அத்தியாயத்தையும் அதே அமர்வில் படித்துவிட்டு நிறுத்துங்கள்.

ஒரு தாளில் வம்ச அட்டவணை போட்டுக்கொள்வதும் அவசியம். ஜானாவின் பிள்ளைகள் ஒரு பத்தி, வில்லியம், ஏட்ரியன் இருவரின் தாயான ரோஸ் பாரிஷின் பக்கம் இன்னொரு பத்தி, மாளிகையின் பழைய உரிமையாளர்களான பென்மார் உறவுகள் மூன்றாவது. பெயருக்குப் பக்கத்தில் பிறந்த ஆண்டைக் குறியுங்கள். ஒரே சண்டையை எட்டு வயதுப் பிள்ளையும் பதினாறு வயதுப் பிள்ளையும் வேறுவேறாக நினைவில் வைத்திருப்பது அப்போதுதான் பிடிபடும். மார்க்கும் மகன் மார்கஸும் குழம்புவார்கள், ஜானாவும் மகள் ஜீனும் அப்படியே. கிண்டிலில் படிப்பவர்களுக்கும் இந்தத் தாள் கையில் இருக்கட்டும். பின்பக்கம் போய்த் தேடித் திரும்புவதற்குள் காட்சியின் சூடு ஆறிவிடும்.

ஹோவாட்ச் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் சட்டம் படித்தவர். மார்க்கின் தாய் மோட் மாளிகைக்காக நடத்தும் வழக்கில் அந்தப் படிப்பு தெரிகிறது. பிலிப்பின் பகுதியோ முழுக்கச் சுரங்கம். அவன் உயிரை வைத்திருக்கும் சென்னன் கார்த் கற்பனைத் தகரச் சுரங்கம். அது அமைந்திருக்கும் செயின்ட் ஜஸ்ட் கரை உண்மையானது. அந்தக் கரையில்தான் 1919இல் லெவன்ட் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் பொறி முறிந்து 31 பேர் இறந்தார்கள். இந்தப் பின்னணி தெரிந்து படித்தால் பிலிப்பின் பிடிவாதம் வேறு கனத்தோடு வரும். நாவலின் ஆகச் சிறந்த பகுதி இதுதான்.

பழைய பேப்பர்பேக் வாங்குவோர் கவனிக்க: எழுநூறு பக்கத் தடிமன், பசை மட்டும் வைத்த கட்டு. காலப்போக்கில் பசை இறுகி, நடுவில் விரித்துத் தட்டையாக அழுத்தினால் முதுகு பிளந்துவிடும். பாதிக்கு மேல் விரிக்காமல் படியுங்கள். கழன்ற தாளுக்கு செலோடேப் வேண்டாம். அது பழுப்பேறித் தாளையும் கெடுக்கும். உள்விளிம்பில் வெள்ளைப் பசையை மெல்லிய கோடாகத் தடவி, ரப்பர் பேண்ட் போட்டு ஓரிரவு வையுங்கள். வாங்கும்போது கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

மற்ற இரண்டில், 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்' கைத்திறனில் மூன்றிலும் உயர்ந்தது; நோயில் மெல்ல முடங்கும் ராபர்ட்டின் பகுதியைத் தாங்கிப் படிக்கத் தெம்பு வேண்டும். 'காஷெல்மாரா' அயர்லாந்தில் நடப்பது. பலவீனமான மன்னன் என்று வரலாறு ஒதுக்கிய இரண்டாம் எட்வர்டை, தோட்ட வேலையில் மட்டும் நிம்மதி காணும் பேட்ரிக்காகப் பேசவிடுகிறது. அந்தக் குரலை ஒதுக்கவே முடியாது.

ஆகவே ஒன்றுதான் என்றால் 'காஷெல்மாரா' வாங்குங்கள். பென்மாரிக்குக்கு ஐந்தில் மூன்றுதான் தர மனம் வருகிறது, அந்த மேற்கோள்களை நினைத்தால் அதற்குமேல் போகவில்லை. ஆனால் பென்மாரிக்கையும் படிப்பதென்றால் இரவல் வாங்கிப் படிக்க வேண்டாம். பிலிப்பின் பகுதியைத் திரும்பப் படிக்கத் தோன்றும்போது சொந்தப் பிரதி கைவசம் இருக்க வேண்டும்.