வேலூர் தண்ணீருக்கு எது சரி, அஸ்ஸாம் தூளா நீலகிரித் தூளா?

எந்த டீத்தூள் நல்லது என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, வீட்டில் என்ன தண்ணீர் என்றுதான். காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் போர் தண்ணீரைக் காய்ச்சுகிற பல வீடுகளில் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்பு ஒட்டியிருக்கும். அதே தண்ணீரில் பால் இல்லாமல் டீ போட்டுக் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள், மேலே பளபளவென்று ஏடு மாதிரி ஒன்று மிதக்கும். தண்ணீரில் இருக்கிற கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலையின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து அப்படி ஆகிறது. அந்தத் தண்ணீரில் டீ கறுத்துப் போகும், வாசனை மட்டுப்படும்.

இதில் அதிகம் அடிபடுவது நீலகிரித் தூள். குன்னூர், கோத்தகிரித் தேயிலை மலையில் குளிரில் நிதானமாகத் துளிர்ப்பது, அதன் பலமே வாசனைதான். அந்த வாசனையைத் தண்ணீர் அமுக்கிவிட்டால் அப்புறம் அதில் என்ன மிச்சம்? அஸ்ஸாம் தேயிலை பிரம்மபுத்திராச் சமவெளியில் வெக்கையிலும் மழையிலும் வளர்வது, பெரிய இலை, டிகாஷன் சிவப்பாக, அடர்த்தியாக இறங்கும், உப்புத் தண்ணீரிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆக போர் தண்ணீர் வீட்டுக்கு அஸ்ஸாம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காவிரிக் குடிநீர் வருகிற வீடு, இல்லை டீக்கு மட்டும் கேன் தண்ணீர் எடுக்கிற வீடு என்றால் என் ஓட்டு நீலகிரிக்கு. விலை கூடின தூள் வாங்கி உப்புத் தண்ணீரில் போடுவதைவிட, சாதாரணத் தூளை வாங்கிவிட்டு மிச்சக் காசில் நல்ல தண்ணீர் வாங்குவது எவ்வளவோ மேல்.

நீலகிரி என்றதும் இலை டீ என்று நினைத்துவிட வேண்டாம். அங்கேயும் பெரும்பங்கு சிடிசிதான், அதாவது இலையை நசுக்கி, கிழித்து, குருணையாகச் சுருட்டுகிற முறை, 1930களில் அஸ்ஸாமில் வந்தது. இலை டீ தனி வகை, அதைப் பாலில் போடுவது வீண்.

போடுகிற விதத்திலும் இரண்டும் வேறு வேறு. தண்ணீர், பால், தூள் எல்லாம் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க விடுகிற வீட்டு டீ அஸ்ஸாமுக்குப் பொருந்தும், ஏனென்றால் பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்கிறது, கொஞ்சம் கூடக் கொதித்தாலும் நாக்கைப் பிடிக்காது. நீலகிரியை அப்படிக் கொதிக்க விட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். அதற்கு டீக்கடை முறைதான் சரி: தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, தூளைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் மூடி வைத்து, வடித்து, சூடான பாலைத் தனியாக ஊற்றி ஒரு ஆத்து ஆத்தினால் போதும். ஒரு டம்ளருக்கு ஒரு டீஸ்பூன் தூள். ஸ்ட்ராங் வேண்டும் என்றால் தூளைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள், நேரம் கூடினால் கசப்புதான் ஏறும்.

பால் விஷயத்தில் அஸ்ஸாமுக்கு ஆவின் பச்சை பாக்கெட், 4.5 சதவீதக் கொழுப்பு. நீலகிரிக்கு நீல பாக்கெட்டே போதும், 3 சதவீதம். 6 சதவீத ஆரஞ்சு பாக்கெட்டில் போட்டால் பால்தான் தெரிகிறது, டீ தெரிவதில்லை.

வெல்லம் போடுகிறவர்கள் அஸ்ஸாமோடு நிறுத்திக்கொள்ளலாம். மண்டி வெல்லத்தின் மணம் நீலகிரியை முழுங்கிவிடும். அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள், கொதிக்கும்போது போட்டால் பால் திரிந்துபோகும்.

ஒரே ஒரு இடத்தில் நீலகிரிக்கு எதிரே அஸ்ஸாம் நிற்கவே முடியாது. ஆம்பூர் பிரியாணியை வயிறு நிறையச் சாப்பிட்ட மத்தியானம், அதுவும் அக்னி நட்சத்திர வெயிலில், பால் டீ உள்ளே இறங்காது. அப்போது நல்ல தண்ணீரில் நீலகிரி இலை டீ, பால் இல்லாமல், எலுமிச்சை நாலு சொட்டு. சர்க்கரை கொஞ்சமாக.