வின்னிபெக் கொல்லைக்கு எந்தப் பழச்செடி: நான்கு புதர்களின் ஒப்பீடு

மே மாதம் விக்டோரியா தின நீள்விடுமுறை வந்துவிட்டால் கனடாவின் வின்னிபெக் நகர நர்சரிகளில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. ஏழு மாதக் குளிரைத் தாண்டி வந்த கை மண்ணைத் தொடத் துடிக்கும். புதிதாக வீடு வாங்கிய நம்மவர்களும் கொல்லையில் ஒரு பழச்செடியாவது வைக்க வேண்டும் என்று போகிறார்கள். தொட்டியில் செருகிய சீட்டில் "ஜோன் 3" என்று இருந்தால் போதும், தூக்கி வண்டியில் வைத்துவிடுகிறார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் இரண்டு ப்ளூபெரிச் செடிகள் வாங்கினேன். மூன்றாம் வருடம் இரண்டும் செத்தன. அவற்றைக் குளிர் கொல்லவில்லை.

அந்த எண் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். அமெரிக்க வேளாண் துறையின் கணக்கில் அது ஓர் இடத்தின் குளிர்காலக் கடுங்குளிரின் சராசரியை மட்டும் குறிக்கிறது. ஜோன் 3 என்றால் மைனஸ் 40க்கும் மைனஸ் 34க்கும் இடைப்பட்ட செல்சியஸ். கனடாவின் வரைபடம் உறைபனி இல்லாத நாட்கள், பனிப்போர்வை, காற்று போன்றவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. எதை எடுத்தாலும் நமக்குக் கிடைக்கும் விடை ஒன்றுதான்: செடியின் கட்டை குளிர்காலத்தைப் பிழைக்குமா. மண் ஒத்துக்கொள்ளுமா, மே மாதத்துப் பின்பனியில் பூ தப்புமா, பழுத்த பின் அது நம் வாய்க்கு வருமா பறவை வாய்க்குப் போகுமா என்பதையெல்லாம் அந்த எண் சொல்லாது. புல்வெளிச் சமவெளி ஊர்களில் பழம் கிடைப்பதும் கிடைக்காததும் இந்த மூன்றில்தான் இருக்கிறது.

ப்ளூபெரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். மினசோட்டா பல்கலைக்கழகம் 1983இல் நார்த்ப்ளூ, நார்த்ஸ்கை என்ற இரண்டு குட்டை ரகங்களை வெளியிட்டது. பனி மூடிக் கிடந்தால் நம் குளிரை அவை தாங்கும். சிக்கல் மண்ணில். ப்ளூபெரிக்கு அமில மண் வேண்டும், பிஎச் அளவில் 4.5 முதல் 5.5 வரை. வின்னிபெக் உட்கார்ந்திருப்பதோ பனியுகத்தின் கடைசியில் பரந்து கிடந்த அகாசிஸ் பேரேரியின் அடிவண்டல் மேல்: சுண்ணாம்பு கலந்த கனத்த களிமண், காரத்தன்மை. அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் ப்ளூபெரி வேரால் அதை எடுக்க முடியாது. இலை வெளுத்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். என் செடிகள் இரண்டாம் கோடையிலேயே அந்த நிறத்துக்கு வந்துவிட்டன. கந்தகத்தூள் போட்டால் சரியாகும் என்பார்கள். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மெதுவாக அமிலமாக்குவது உண்மைதான், ஆனால் சுண்ணாம்பு இருக்கும்வரை அந்த அமிலத்தை அது தின்றுகொண்டே இருக்கும். உங்கள் மண்ணில் ஒரு கரண்டி எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் ப்ளூபெரி ஆசையை விட்டுவிடுங்கள். பெரிய தொட்டியில் பீட் மாஸ் என்ற மக்கிய பாசியை நிரப்பி வளர்ப்பவர்கள் உண்டு. ஆனால் தொட்டியில் வேர் தரைக்கு மேலே நிற்கிறது, குளிர்காலத்தில் அதைக் காப்பாற்றத் தனிப்பாடு. பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வரும் ப்ளூபெரி கடையில் நன்றாகவே கிடைக்கிறது, வாங்கிச் சாப்பிடலாம்.

சஸ்கட்டூன் பெரி இதற்கு நேர் எதிர். இந்த மண்ணின் சொந்தச் செடி, ஆற்றங்கரைகளில் தானாக வளர்வது. சஸ்கட்டூன் நகரத்துக்கே இந்தப் பழத்தின் க்ரீ மொழிப் பெயரிலிருந்துதான் பெயர் வந்தது. காட்டெருமை இறைச்சியை உலர்த்தி இடித்து, கொழுப்போடு சேர்த்துச் செய்யும் பெமிக்கனில் இந்தப் பழத்தையும் போடுவார்கள். நெடும்பயணத்துக்கான கட்டுச்சோறு அது. மண், குளிர், வறட்சி எதுவும் இதற்குப் பொருட்டில்லை. ஒரே செடி வைத்தாலும் காய்க்கும். மென்மையான இனிப்பு, விதையைக் கடித்தால் லேசான பாதாம் வாசனை. ஸ்மோக்கி, தீசென் என்ற ரகங்கள் எளிதாகக் கிடைக்கும். பெரிய பழம் வேண்டுமானால் தீசென். ஆனால் பூ சீக்கிரம் வந்துவிடுவதால் சில வருடங்களில் மே உறைபனி மொத்தத்தையும் கருக்கிவிடும். செடி ஆளைத் தாண்டி வளரும், வாழையைப் போலப் பக்கக்கன்று விட்டுப் பரவும். பக்கத்தில் ஜூனிபர் என்ற ஊசியிலைப் புதர் இருந்தால் துருநோய் வந்து, காயில் முள் முள்ளாக ஆரஞ்சுப் பொடி பூக்கும். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அழகுக்காக ஜூனிபர் வைத்திருக்கிறார்கள். கொல்லை அகலமாக இருந்து, சுற்றிலும் ஜூனிபர் இல்லாதவருக்கு இதைச் சொல்வேன். நகர வீட்டுக்குச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது குட்டைப் புளிப்புச் செர்ரி. கடையில் வாங்கும் இனிப்புச் செர்ரி மரம் இங்கே பிழைக்காது. சைபீரியப் புல்வெளிகளில் முளைக்கும் புதர்ச் செர்ரியையும் ஐரோப்பியப் புளிப்புச் செர்ரியையும் சேர்த்துக் கலப்பினம் உண்டாக்கும் வேலையை 1940களில் லெஸ் கெர் என்பவர் சஸ்கட்டூனில் தொடங்கினார். அதைத் தொடர்ந்து சஸ்காட்செவான் பல்கலைக்கழகம் 1999இல் கார்மைன் ஜுவல் ரகத்தை வெளியிட்டது. பிறகு ரோமியோ, ஜூலியட், க்யூபிட், வாலன்டைன் எல்லாம் வந்தன. இரண்டு, இரண்டரை மீட்டருக்கு மேல் போகாத புதர். மகரந்தத்துக்குத் துணைச்செடி தேவையில்லை. காரமண்ணைப் பொறுத்துக்கொள்ளும், வேரில் தண்ணீர் தேங்குவதை மட்டும் பொறுக்காது. களிமண்ணில் ஒரு முழம் மேடு கட்டி நட வேண்டும்.

சுவையில் எனக்கு இதுதான் முதலிடம். பெயர்தான் புளிப்புச் செர்ரி, நன்றாகக் கறுக்கும்வரை மரத்திலேயே விட்டால் இனிப்பும் புளிப்பும் சமமாக நிற்கும். வெள்ளைக்காரர்கள் இதை மாவுக்குள் வைத்து 'பை' என்ற பண்டமாகச் சுடுகிறார்கள். நான் கொட்டை நீக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு நல்லெண்ணெயில் வதக்கிவிடுவேன். களாக்காய் ஊறுகாய் சாப்பிட்ட நாக்குக்கு அது உடனே தெரியும். கார்மைன் ஜுவலின் கொட்டை சிறியது என்பதால் இந்த வேலைக்கு அதுதான் தோது.

குறைகளும் இருக்கின்றன. குளிர்காலத்தில் முயல் பனிமேட்டின் மேல் ஏறி நின்று பட்டையைச் சுற்றிக் கடித்துவிடும். அக்டோபரிலேயே கம்பிவலை சுற்ற வேண்டும், பனி உயரும் அளவையும் கணக்கில் வைத்து. ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் பழுப்பதால், பழத்தைத் துளைத்து முட்டையிடும் புள்ளிச்சிறகுப் பழ ஈ வரும் காலத்தில் போய் மாட்டுகிறது. தாமதமாகப் பழுக்கும் ரகங்களுக்கு ஆபத்து கூடுதல்.

ஹாஸ்கேப் இந்த நான்கில் நம்மவர்களுக்கு மிகக் குறைவாகத் தெரிந்தது. பெயர் ஜப்பானின் ஹொக்கைடோத் தீவில் வாழும் ஐனு மக்களுடையது. நீண்ட பழம், மேலே சாம்பல் பூத்த கருநீலம், உள்ளே ரத்தச் சிவப்பு. நாவல்பழம் போல நாக்கைச் சாயமேற்றும், துவர்ப்பில்லாமல் நல்ல புளிப்போடு. செடி மைனஸ் 40க்கும் கீழே தாங்குவது பெரிதில்லை, இங்கே பல செடிகள் தாங்கும். இதன் பூவைத்தான் பார்க்க வேண்டும். ஆப்பிள் பூ விரிந்த நிலையில் மைனஸ் 4 வந்தால் பெரும்பாலும் கருகிப்போகும். ஹாஸ்கேப் பூ மைனஸ் 7 வரை தாங்கும். மே மாதக் கடைசிவரை உறைபனியை எதிர்பார்த்தே இருக்கும் ஊரில் அந்த மூன்று டிகிரிதான் பழத்தைத் தருகிறது. மண்ணைப் பற்றியும் இது கேட்பதில்லை. ப்ளூபெரி செத்த அதே குழியில் என் ஹாஸ்கேப் பச்சையாக நிற்கிறது. ஜூன் கடைசியிலேயே பழுத்துவிடுவதால் பழ ஈக்கு முன்பே அறுவடை முடிந்துவிடும்.

இதில் ஏமாறுவதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, ஒரே செடி வைத்தால் காய்க்காது. இரண்டு வைத்தாலும் அவை நெருங்கிய உறவாக இருக்கக்கூடாது. டண்ட்ரா, போரியாலிஸ், இண்டிகோ ஜெம் மூன்றும் கிட்டத்தட்ட உடன்பிறப்புகள், ஒன்று மற்றொன்றுக்கு மகரந்தம் தந்து பயனில்லை. கூடவே அரோரா ஒன்று வேண்டும். நர்சரியில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். பூ பூத்துக் காயில்லாமல் நிற்கும் ஒற்றைச் செடிகளை எத்தனையோ கொல்லைகளில் பார்த்துவிட்டேன். மற்றொன்று, பழம் நீலமானதும் பறித்துவிடுவது. நீலமாகிப் பல நாள் கழித்துத்தான் இனிப்பு ஏறும். ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் மெழுகுச்சிறகுக் குருவிகள் கூட்டமாக வந்து ஒரே காலையில் செடியைத் துடைத்துவிடும், ஆகவே வலை போட்டே ஆக வேண்டும்.

ஒரே இடம்தான் இருக்கிறது, இரண்டு புதர் வைக்கலாம் என்றால் ஒரு டண்ட்ராவும் ஓர் அரோராவும், ஒன்றரை மீட்டர் இடைவெளியில். மூன்றாவதற்கு இடம் இருந்தால், வெயில் நன்றாக விழும், தெற்கு பார்த்த வேலியோரம் மேடு கட்டி ஒரு கார்மைன் ஜுவல். சுவையை மட்டும் பார்த்தால் செர்ரியைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். ஆனால் முதல் பழத்துக்கு அது மூன்று நான்கு வருடம் எடுக்கும், ஹாஸ்கேப்போ இரண்டாம் மூன்றாம் வருடமே ஒரு கைப்பிடி தந்துவிடும். வலை மட்டும் ஜூன் முதல் வாரத்திலேயே, காய் நீலமாகுமுன் கட்டிவிடுங்கள். ஓரங்களைத் தரையோடு கல் வைத்து அழுத்த வேண்டும், குருவிகள் அடியில் நடந்தே உள்ளே வந்துவிடும்.