ஊர்ந்து சேர்வதா, பிரியாமல் இருப்பதா?

பல செல் உயிர் உருவாக இரண்டு வழிகள். முதலாவது நீலகிரியிலேயே இருக்கிறது. முதுமலைக் காட்டு மண்ணிலும் விலங்குச் சாணத்திலும் வாழும் டிக்டியோஸ்டீலியம் என்ற ஒற்றைச் செல் அமீபாக்கள், பாக்டீரியா இரை தீர்ந்ததும் வேதிச் சமிக்ஞையைப் பிடித்து ஊர்ந்துவந்து ஒன்றுகூடும். கூட்டம் ஓடில்லா நத்தை போல நகரும். அப்புறம் ஒரு பங்கு செல்கள் காம்பாகிச் செத்துப்போகும். மற்றவை உச்சியில் வித்துகளாகும். இப்படிச் சேரும்போது வேற்று மரபுச் செல்களும் கலந்துவிடும். முதுமலையில் எடுத்த கூட்டங்கள் பலவற்றில் இந்தக் கலப்பு இருந்தது. காம்பாகாமல் ஏய்க்கும் செல்லுக்கு இது நல்ல வாய்ப்பு.

இரண்டாவது வழி வால்வாக்ஸ் பாசியில். ஒரே செல் பிளந்து பெருகி, பிள்ளைச் செல்கள் விலகாமல் ஒட்டியிருக்கும். எல்லாம் ஒரே மரபு, ஏய்த்து லாபமில்லை. வெளிச்செல்கள் நீந்தும், உள்செல்கள் பெருகும். பெரிய உடலுக்கு இதுவே உறுதியான வழி என்பேன். விலங்கும் செடியும் இப்படித்தான் வளர்கின்றன.