எழுத்து முதலிலா, கிறுக்கல் முதலிலா? 32 பக்கப் படக்கதைக்கு இரண்டு வழிகள்

ஒருவரே எழுதி வரையும் படக்கதைப் புத்தகத்தை இரண்டு விதமாகத் தொடங்கலாம். கதையை முழுதாக எழுதிவிட்டுப் படத்துக்குப் போகலாம். இல்லையென்றால், கட்டைவிரல் அளவுக் கிறுக்கல்களிலேயே கதையைத் தேடிப்பிடித்து, வாசகத்தைக் கடைசியில் சேர்க்கலாம். என் சாய்வு கிறுக்கலுக்குத்தான்.

எழுத்து முதலில் என்றால் சொல்லோசை நன்றாக அமையும். எழுதுபவரும் வரைபவரும் வெவ்வேறு ஆட்கள் என்றால் பெரும்பாலும் அதுதான் வழி. ஆனால் "சிறுமி பயந்தபடி கதவைத் திறந்தாள்" என்று எழுதியபின், படத்திலும் பயந்த சிறுமியும் கதவும்தான் வரும். அவள் முதுகுக்குப் பின்னால் எதையோ ஒளித்திருக்கிறாள் என்று வரையத் தோன்றுவது அரிது.

எல்லாவற்றையும்விட முக்கியம், பக்கம் திருப்பும் இடம். தலைப்பு, பதிப்பு விவரம் போன்ற முன்பக்கங்களுக்கு 3 போனால், 4-5 முதல் 30-31 வரை 14 இரட்டைப் பக்கங்கள் (விரித்தால் ஒன்றாகத் தெரியும் இடப்பக்கமும் வலப்பக்கமும்), 32 தனிப்பக்கம். திருப்பியதும் கண்ணில் படுவது இடப்பக்கம், அதாவது இரட்டைப்படை எண். திடுக்கிடல் அங்கே விழ வேண்டும். அதற்கான கேள்வி முந்தைய வலப்பக்கத்தின் அடியில். நடுவில் ஒரே ஒரு பக்கம் கூடினாலும் திடுக்கிடல் வலப்பக்கத்துக்கு நகர்ந்து, கேள்வியும் பதிலும் ஒன்றாகவே தெரிந்துவிடும். தட்டச்சுப் பிரதியில் இது கண்ணுக்குப் படாது. வண்ணம் தீட்டியபின் தெரிந்தால் பல படங்களை மறுபடி வரைய நேரும். கிறுக்கல்கள் ஒட்டுத்தாளில் இருந்தால் உரித்து வேறிடத்தில் ஒட்டுவதோடு முடிந்தது.

சதுரப் புத்தகத்தின் இரட்டைப் பக்கத்துக்கு 6×3 செ.மீ. கட்டம் போதும். தடித்த ஸ்கெட்ச் பேனாதான் நல்லது. கூரான பென்சில் கிடைத்தால் கை கண்ணிமை வரையப் போய்விடும். சுவரில் வரிசையாக ஒட்டினால், எல்லாப் படமும் ஒரே தூரத்திலிருந்து முழு உருவமாக இருக்கும் குறை உடனே தெரியும். பிறகு 8 தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்து, மடிப்பில் பின் அடித்தால் 32 பக்க மாதிரிப் புத்தகம் தயார். கிறுக்கல்களை அதில் ஒட்டிப் புரட்டுங்கள். வாசகம் இல்லாமலே கதை ஓடுகிறதா?

இந்த வழியிலும் சறுக்கல் உண்டு. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் சொந்தக் கிறுக்கலே புரியாது. ஒவ்வொன்றின் பின்னும் "ஒளிக்கிறாள்", "ஓடுகிறாள்" என ஒரு வினைச்சொல் எழுதிவையுங்கள். வாசகத்துக்கு இடம் விட மறப்பது இன்னொன்று. முதலிலேயே ஒரு மூலையை வெறுமையாக விடுங்கள். முகத்தை நடுமடிப்பில் வைத்தால் தையல் விழுங்கிவிடும்.

உரையாடல் மிகுந்த நீண்ட கிராஃபிக் நாவலுக்கும் இதே கணக்கு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கே பேச்சின் நீளமே கட்டத்தின் அளவைத் தீர்மானிப்பதால், எழுத்தின் கை ஓங்கலாம்.