தேங்காய் எண்ணெய்: பூசுவதைத் தொடர்கிறேன், குடிப்பதை நிறுத்திவிட்டேன்

தேங்காய் எண்ணெய் கிருமியைக் கொல்லும், இம்யூனிட்டியைக் கூட்டும் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். பல வருடமாகத் தோலில் பூசி, வாய் கொப்பளித்து, காலையில் ஒரு ஸ்பூன் குடித்தும் பார்த்த பிறகு சொல்கிறேன்: முதலாவதில் ஓரளவு உண்மை இருக்கிறது. இரண்டாவதை நான் நம்பவில்லை.

எனக்கு நல்ல பலன் கிடைத்தது தோலில்தான். முழங்கை மடிப்பும் கணுக்காலும் அடிக்கடி வறண்டு அரிக்கும், சொறிந்தால் புண்ணாகும். குளித்துவிட்டு ஈரம் முழுதாகக் காய்வதற்குள் விர்ஜின் (சுத்திகரிக்காத) தேங்காய் எண்ணெயை மெல்லிசாகத் தடவ ஆரம்பித்தேன். அரிப்பு குறைந்தது, சொறிந்த இடம் சீழ் வைப்பதும் அபூர்வமாகிவிட்டது. எண்ணெய்ப் பசையால் தோல் மென்மையானதுதான் காரணம், அதற்கு எந்த எண்ணெயும் போதுமே என்று கேட்கலாம். 2008-இல் வெளிவந்த ஒரு பிலிப்பைன்ஸ் ஆய்வு இதைத்தான் சோதித்தது. எக்ஸிமா (தோல் வறண்டு அரிக்கும் நோய்) உள்ள பெரியவர்களில் ஒரு குழு விர்ஜின் தேங்காய் எண்ணெயும், இன்னொரு குழு விர்ஜின் ஆலிவ் எண்ணெயும் 4 வாரம் பூசினார்கள். தோலில் புண்ணைச் சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா இருந்தவர்களில், தேங்காய் எண்ணெய் பூசிய 20 பேரில் ஒருவரிடம்தான் அது மிஞ்சியது. ஆலிவ் பூசிய 12 பேரில் 6 பேரிடம் அப்படியே இருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். ஆனால் அது கிளிசராலோடு பிணைந்து ட்ரைகிளிசரைடாக இருக்கிறது. அந்த நிலையில் கிருமியை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. கொழுப்பைப் பிரிக்கும் லிபேஸ் நொதி வெட்டிவிட்டால்தான் லாரிக் அமிலமும், அது கிளிசராலோடு ஒற்றையாகச் சேர்ந்த மோனோலாரினும் வெளிவந்து பாக்டீரியாவின் சவ்வைக் குலைக்கும். தோலில் வாழும் நுண்ணுயிர்களே லிபேஸைச் சுரக்கின்றன என்பதால், அங்கே இது நடக்க வழி இருக்கிறது.

தலைக்கு வந்தால் கதை வேறு. பொடுகோடு தொடர்புள்ள மலசீசியா பூஞ்சைக்குக் கொழுப்பு அமிலம்தான் சாப்பாடு. பொடுகு இருக்கும்போது உச்சந்தலையில் எண்ணெய் வைத்தால் எனக்குச் செதில் கூடுகிறது, அதனால் முடி நுனியோடு நிறுத்திக்கொள்கிறேன். பரு வரும் முகத்துக்கும் வேண்டாம்.

ஆயில் புல்லிங், அதாவது எண்ணெயால் வாய் கொப்பளிப்பது, செய்தால் வாய் நாற்றம் குறைகிறது, அவ்வளவுதான். பல் துலக்குவதற்கு அது மாற்று இல்லை. அப்புறம், வாஷ்பேசினில் துப்பாதீர்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே எண்ணெய் உறைந்து குழாயை அடைத்துவிடும்.

குடித்த காலத்திலும் சளி, காய்ச்சல் எல்லாம் வழக்கம்போல வந்து போயின. மோனோலாரின், கொழுப்பு உறையுள்ள வைரஸ்களைச் சிதைப்பது ஆய்வகத்தில் உண்மைதான், அங்கே அதை நேரடியாகக் கிருமிமேல் விடுகிறார்கள். குடித்த எண்ணெயோ குடலில் செரிக்கிறது, லாரிக் அமிலத்தின் பெரும்பகுதி மறுபடி ட்ரைகிளிசரைடாகக் கட்டப்பட்டு ரத்தத்துக்குப் போகிறது. தொண்டையில் இருக்கும் கிருமியைத் தேடி அது போவதில்லை.

எனக்குப் போனது வேறு இடத்துக்கு: வழக்கமான ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) ஏறியிருந்தது. ஸ்பூனை நிறுத்தியதும் அடுத்த பரிசோதனையில் இறங்கியது. ஒரு டேபிள்ஸ்பூனில் சுமார் 12 கிராம் நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது. எல்டிஎல்லைக் குறைக்க வேண்டியவர்களுக்கு அமெரிக்க இதயச் சங்கம் சொல்லும் ஒரு நாள் வரம்பே 2,000 கலோரி உணவில் 13 கிராம்தான். நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல்லும் கூடுகிறதே என்பார்கள். கூடுகிறது, ஆனால் அதனால் எல்டிஎல்லின் பாதிப்பு ஈடாகிவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

விர்ஜினா, ரீஃபைண்டா என்றும் கேட்பார்கள். லாரிக் அமில அளவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. வாசனைக்காகவும், கூடுதலாக இருக்கும் பாலிஃபீனால் என்ற தாவரச் சேர்மங்களுக்காகவும் தோலுக்கு நான் விர்ஜினை எடுக்கிறேன். சிக்கு வாடை வந்துவிட்டால் எதுவானாலும் தூக்கிப் போட்டுவிடுவேன்.