மொட்டைமாடித் தொட்டிக்குத் தாமரையா, அல்லியா?

தண்ணீர்ச் செடி வளர்க்க நினைக்கும் எல்லோரும் தாமரையில்தான் ஆரம்பிக்கிறார்கள். நர்சரிக்குப் போய் முதலில் அல்லியைக் கேட்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை. நானும் தாமரையில்தான் ஆரம்பித்தேன். சென்னையில், இரண்டு மாடிக்கு மேலே உள்ள மொட்டைமாடியில், ஏழு வருடமாக இரண்டையும் அருகருகே வளர்க்கிறேன். இப்போது யாராவது "எதை வைக்கலாம்?" என்று கேட்டால், "உங்கள் மாடியில் வெயில் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.

பூவைப் பார்த்து முடிவெடுப்பதைவிட வெயிலைப் பார்த்து முடிவெடுப்பது நல்லது. தாமரைக்கு நேரடி வெயில் 6 மணி நேரமாவது வேண்டும். 4 மணி நேரம் கிடைக்கும் மூலையில் வைத்தாலும் செடி சாகாது. இலை இலையாக விட்டுக்கொண்டே இருக்கும், மொட்டு மட்டும் வராது. என் முதல் தாமரை ஒரு வருடம் முழுக்க அப்படித்தான் நின்றது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் மதியத்துக்கு மேல் அதன்மீது விழுவதை நான் கவனிக்கவில்லை. உரத்தை மாற்றினேன், மண்ணை மாற்றினேன், பயன் இல்லை. கடைசியில் டப்பைப் பத்தடி தள்ளி வைத்த பிறகுதான் மொட்டு வந்தது. அல்லியில், குறிப்பாக நீலம், ஊதா நிற ரகங்களில், 4 மணி நேர வெயிலுக்கே பூக்கிறவை இருக்கின்றன. பக்கத்தில் அடுக்குமாடிக் கட்டடம் இருக்கிறது, பாதி நாள் நிழல் என்றால் யோசிக்கவே வேண்டாம், அல்லிதான்.

இரண்டும் அக்கா தங்கை மாதிரித் தெரியும். ஆனால் தாவரவியலில் கொஞ்சமும் நெருங்கிய சொந்தம் இல்லை. அடையாளம் இலையில் இருக்கிறது. தாமரை இலை முழு வட்டம், தண்டு நடுவில் சேரும், தண்ணீர் முத்தாக உருளும். அல்லி இலையில் ஓரத்திலிருந்து நடுவரை ஒரு வெட்டு இருக்கும். விற்பவர் தாமரை என்று சொல்லி அல்லியைக் கொடுக்கிறாரா என்று பார்க்க இது போதும்.

டப், மண், கிழங்கு

தாமரைக்கு அகலமான, வட்டமான, அடியில் ஓட்டை இல்லாத டப் வேண்டும். அதன் கிழங்கு மண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், சதுரத் தொட்டி என்றால் மூலையில் போய் முட்டி நின்றுவிடும். பெரிய ரகங்களுக்கு 60 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள டப் சரியாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அதன் கொள்ளளவே 85 லிட்டர். மண்ணும் தண்ணீருமாக நிரம்பினால் 100 கிலோவைத் தாண்டும். அப்படி நாலைந்து டப் வைப்பதென்றால், தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ இருக்கும் இடமாகப் பார்த்து வையுங்கள். அல்லிக்கு 40 செ.மீ. அகலம் தாராளம், எடையும் பாதிக்கு மேல் குறைந்துவிடும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மண் இரண்டுக்கும் ஒன்றுதான்: களிமண் அல்லது ஏரி வண்டல், அடியில் ஒரு கைப்பிடி நன்றாக மக்கிய தொழுவுரம். தென்னை நார்க்கழிவு கலந்த தொட்டி மண் மிதந்துவிடும். பச்சைச் சாணம் போட்டால் தண்ணீர் நாறி, மண் கறுத்து, வேர் அழுகும்.

வித்தியாசம் நடுவதில்தான். தாமரைக் கிழங்கின் நுனி நகம் பட்டாலே ஒடிந்துவிடும். நுனி ஒடிந்து, வேறு கணுவில் முளையும் இல்லாவிட்டால் அந்தக் கிழங்கு அவ்வளவுதான். வாங்கிய கிழங்கு ஒன்றை ஈரத்துணியில் சுற்றிப் பையில் போட்டு, நெரிசலான பஸ்ஸில் கொண்டுவந்து அப்படி இழந்திருக்கிறேன். அல்லி அவ்வளவு நோஞ்சான் இல்லை. வேரோடு இருக்கும் செடியை மண்ணில் அழுத்தி, நடுக்குருத்து மட்டும் புதையாமல் பார்த்துக்கொண்டால் ஒட்டிக்கொள்ளும். பனாமா பசிபிக் போன்ற சில ரகங்களில் இலையின் நடுவிலேயே குட்டிச் செடி முளைக்கும். அதைக் கிள்ளி அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம்.

விதை வழி வேண்டாம் என்பது என் கருத்து. தாமரை விதையின் ஓடு அத்தனை கெட்டி. சீனாவில் வறண்ட ஏரிப் படுகையில் எடுத்த, சுமார் 1,300 ஆண்டுப் பழைய விதையே முளைத்திருக்கிறது. ஓட்டை உரசித் தண்ணீரில் போட்டால் ஒரு வாரத்தில் முளை எட்டிப்பார்க்கும். ஆனால் பூவுக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம், தாய்ச் செடியின் நிறமும் நிச்சயமில்லை. 'நீலத்தாமரை விதை' என்று இணையத்தில் விற்பதை வாங்கிவிடாதீர்கள். தாமரையில் வெள்ளை, இளஞ்சிவப்பு, அமெரிக்க இனத்தின் மஞ்சள், இவற்றின் கலப்புகள்தான் உண்டு. நீலத்தில் இருப்பது அல்லி இனம், நம் ஆட்கள் குவளை, நெய்தல் என்று அழைத்தது அதைத்தான். இலங்கையின் தேசிய மலரும் அதுவே.

நீங்கள் வீட்டில் இருக்கும் நேரம்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. தாமரை விடியற்காலையில் விரியும், முதல் இரண்டு நாளும் மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். ஆறு மணிக்குக் காபியோடு மாடி ஏறுகிறவர்களுக்கு அது வரம். பகல் அல்லி காலை எட்டு, ஒன்பது மணிவாக்கில் விரிந்து மாலைக்குள் மூடும். ஆபீஸ் போகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் காட்சி. அப்படிப்பட்டவர்கள் இரவு அல்லியை வாங்குங்கள். நம் குளங்களில் இருக்கும் செவ்வல்லியும் வெள்ளை அல்லியும் அந்த வகைதான். பொழுது சாய்ந்ததும் விரிந்து மறுநாள் காலை வரை திறந்திருக்கும். வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு மேலே போனால், இருட்டில் அந்தச் சிவப்பு விரிந்து நிற்கும். இதற்காகவே என்னிடம் மூன்று டப் இரவு அல்லி இருக்கிறது.

வருடம் முழுக்க என்ன ஆகும்

அல்லி எங்கள் பக்கம் ஏறக்குறைய வருடம் முழுவதும் பூக்கிறது. வடகிழக்குப் பருவமழையில், வானம் மூடியிருக்கும் நாட்களில் மட்டும் குறையும். தாமரை அப்படி இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பகல் குறையக் குறைய இலைகள் பழுத்துக் காயும், செடி செத்துப்போனது போலவே தெரியும். அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். அந்த நேரத்தில்தான் அது மண்ணுக்குள் கிழங்கு வைக்கிறது. தை, மாசியில் மறுபடி கிளம்பும். கிழங்கைப் பிரித்து நடவும் அதுதான் சமயம்.

காய்ந்த இலையை எடுப்பதிலும் இரண்டுக்கும் நேரெதிர் முறை. அல்லியில் பழுத்த இலையைத் தண்டோடு அடிவரை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மூழ்கி அழுகும். தாமரைத் தண்டைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வெட்டவே கூடாது. அதற்குள் இருக்கும் குழாய்கள் வழியாகத்தான் மண்ணில் இருக்கும் கிழங்குக்குக் காற்று போகிறது. கீழே வெட்டினால் காற்றுக்குப் பதில் தண்ணீர் இறங்கும், கிழங்கு அழுகிவிடும். உயரமான மாடிகளில் பலத்த காற்றே தண்டை ஒடித்துவிடும் என்பதால், கைப்பிடிச் சுவர் மறைப்புள்ள பக்கம் வையுங்கள்.

உரத் தீனியில் தாமரைக்குத்தான் பசி அதிகம். நிமிர்ந்த இலை வந்த பிறகு, கொஞ்சம் டி.ஏ.பி.யைக் காகிதத்தில் மடித்து, கிழங்கில் படாமல் ஓரமாக மண்ணுக்குள் அழுத்துவேன். தண்ணீரில் தூவினால் பாசிதான் வளரும். அசுவினிப் பூச்சி வந்தால் பைப்பால் பீய்ச்சிக் கழுவினால் போதும். வேப்பெண்ணெய் தாமரை இலையைக் கருக்கிவிடுகிறது, மீனுக்கும் ஆகாது.

மீன் என்றதும் கொசு. டெங்கு கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஆகவே கொசுப் புழுவைத் தின்னும் கப்பி மீன் இல்லாமல் எந்த டப்பும் வைக்கக் கூடாது. டப்புக்கு ஐந்தாறு மீன் போதும். கோல்டு ஃபிஷ் வேண்டாம், அது வேரைக் கிளறும். மே மாத வெயிலில் தண்ணீர் சூடேறும்போது அல்லி இலைகள் குடை மாதிரிப் பரவி மீனைக் காப்பாற்றுகின்றன. புதிதாக நட்ட தாமரை டப்பில் அந்த நிழல் இருக்காது. அதனால் முதல் ஒரு மாதம் நான் அதில் ஓரமாக ஒரு மண்சட்டியைச் சாய்த்து மூழ்க வைக்கிறேன், மதிய நேரத்தில் மீன்கள் அதற்குள் போய் ஒதுங்கிக்கொள்கின்றன.