தின்னர் சேஃப்டி கேன்: வாங்கலாமா என்று கேட்டவருக்கு

பட்டரவாக்கம் பக்கம் ஸ்கிரீன் பிரிண்டிங் யூனிட் போடப்போகும் நண்பர் ஒருத்தர், ஸ்கிரீன் கழுவும் தின்னர் வைக்க அந்த சிவப்பு சேஃப்டி கேன் வாங்கலாமா, போடுற காசுக்குத் தகுமா என்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை, அந்தக் கேன் மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையம், அதாவது வாசர் விஷயமாக ஒரு கடைக்காரரோடு சத்தம் போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். அதனால் இதில் கொஞ்சம் கோபமும் இருக்கும்.

ஐந்து லிட்டர், கனமான தகடு, ஸ்பிரிங் மூடி, வாய்க்குள் கம்பி வலை. எல்லாருக்கும் தெரிந்த சாமான்தான். என் பிரச்சினை அந்த மூடி. கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் திறந்திருக்கும், விட்டால் டப்பென்று மூடிக்கொள்ளும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஸ்கிரீன் கழுவுகிறோம்! கட்டை விரல் வலிக்கும். எங்கள் பையன்களில் ஒருத்தன், "அண்ணே, ஒரு கையில ஃபிரேம், ஒரு கையில துணி, மூடியை யாரு புடிக்கிறது?" என்று கேட்டுவிட்டு மரத்துண்டை இடுக்கில் செருகி வைத்துவிட்டான். அந்தத் துண்டை எடுத்துப் போட்டால் மறுநாள் இன்னொன்று முளைத்திருக்கும்.

ஆனால் கேனில் காசு கொடுப்பதே அந்த மூடிக்குத்தான். நாம் வாங்கும் தின்னரில் பெரும்பாலும் டொலுயீன் என்ற கரைப்பான் இருக்கும். அதன் ஃபிளாஷ் பாயிண்ட், அதாவது பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி கிளம்பத் தொடங்கும் வெப்பநிலை, 4 டிகிரி செல்சியஸ், மார்கழி விடியற்காலையிலும் சென்னை அந்தக் குளிருக்கு இறங்குவதில்லை. அதாவது திறந்த டப்பாவுக்கு மேலே பற்றிக்கொள்ளத் தேவையான ஆவி வருஷம் முழுக்க இருக்கிறது. காற்றில் சுமார் 1.1 சதவீதம் கலந்தாலே போதும், ஒரு சுவிட்சின் பொறி பற்ற வைத்துவிடும். இந்த ஆவி காற்றைப் போல மூன்று மடங்கு கனம், தரையோடு தரையாக நகர்ந்து அடுத்த அறை ஹீட்டர் வரைக்கும் போகும். மேலே கூரைக்குப் பக்கத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களை என்ன சொல்ல? மூக்கை நம்பலாம் என்றால், கொஞ்ச நேரத்தில் மூக்குக்கு வாசனையே பழகிப்போய்விடும்.

தண்ணீர் பாட்டிலில் தின்னர் ஊற்றி வைக்கும் வழக்கம் எல்லா யூனிட்டிலும் உண்டு. யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். பிளாஸ்டிக்கை எர்த் பண்ண முடியாது என்பது இன்னொரு பக்கம். எர்த் இல்லையென்றால் ஸ்டாட்டிக், அதாவது உராய்வில் சேரும் மின்னூட்டம், பொறியாகத் தெறிக்கும் என்றால், வியர்வை ஊற்றுகிற ஊரில் ஸ்டாட்டிக்கா என்று சிரிப்பார்கள். டொலுயீன் குழாயில் ஓடும்போது திரவத்துக்குள்ளேயே மின்னூட்டம் சேரும், வெளியே எவ்வளவு ஈரப்பதம் இருந்தாலும் அது நிற்காது. தகடு கேன் என்றால் ட்ரம்மிலிருந்து இறக்கும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு செப்புக் கம்பியைக் கிளிப் போட்டு, ட்ரம்மை எர்த்தோடு இணைத்துவிடலாம். பெயின்ட் பூசிய இடத்தில் கிளிப் மாட்டினால் பிரயோஜனம் இல்லை, வெறும் உலோகத்தில் கடிக்க வேண்டும்.

வலை இருக்கிறதே, அது சுடரின் சூட்டை உறிஞ்சி, வெளியே பற்றிய தீயை உள்ளே போகவிடாது. ஊற்ற மெதுவாக இருக்கிறது என்று அதைப் பிடுங்கிப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். பிடுங்கினால் அது சிவப்புப் பெயின்ட் அடித்த தகர டப்பா, அவ்வளவுதான். கேனுக்குள் அழுத்தம் ஏறினால் மூடி தானாகவே லேசாகத் திறந்து ஆவியை விட்டுவிடும், சூட்டில் கேன் வெடிக்காமல் இருக்க அதுதான் ஏற்பாடு.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு சொல்கிறேன், அந்தக் கடையில் இன்னொரு கேன் வாங்க மாட்டேன். மூடியின் வாசர் தின்னர் பட்டுப் பட்டு உப்பிவிட்டது, மூடி சரியாக உட்காரவில்லை, பக்கத்தில் போனாலே வாசனை. சாதாரண நைட்ரைல் ரப்பருக்கு டொலுயீனோ, கீட்டோன் வகைக் கரைப்பான்களோ ஒத்துக்கொள்ளாது. இது தின்னர் கேன் என்று விற்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா? ஸ்பேர் கேட்டால், "புது கேன் எடுத்துக்கோங்க சார்" என்கிறார்கள். கடைசியில் பாரிமுனைப் பக்கம் அலைந்து டெஃப்ளான் ஷீட்டில் வெட்டி வாங்கினேன். இப்போது நன்றாக உட்காருகிறது, ஆனால் அதை நான் செய்திருக்க வேண்டியதில்லை.

எதிர்பாராமல் பிடித்துப்போனது ப்ளஞ்சர் கேன். மேலே ஒரு சின்னத் தட்டு, அதில் துணியை வைத்து அழுத்தினால் தேவையான அளவு மட்டும் ஏறி வரும், மிச்சம் உள்ளே இறங்கிவிடும். ஒரு கை போதும். அது வந்ததிலிருந்து மரத்துண்டைக் காணோம், தின்னர் செலவும் குறைந்திருக்கிறது. நனைந்த துணிக்கு மட்டும் மூடியுள்ள இரும்பு டப்பா வைக்க வேண்டும், இல்லையென்றால் அத்தனை ஆவியும் திரும்ப அறைக்குள்தான்.

அதனால் முதலில் ப்ளஞ்சர் வாங்குங்கள், பெரிய கேன் அப்புறம். எதை வாங்கினாலும் வாசர் என்ன ரப்பர் என்று கேளுங்கள், கூடவே இரண்டு வாசர் சேர்த்து பில்லில் எழுதி வாங்குங்கள். பில்லில் எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.